நீலத்தைப் பச்சையாக்கிய திருத்தம்

பிஸ்மில்லாஹ் சொல்லாமல் நான் ஒரு கணினியின் மூடியைக்கூடக் கழற்றியதில்லை. இந்தக் கடிதத்தையும் அப்படியே தொடங்கியிருக்கிறேன். நமது குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைமார் படிக்க எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். நான் படித்தது சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை. ஏறாவூரில் கணினி திருத்தும் கடை வைத்திருந்து, அதை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவன். பெரிய விஷயம் எதுவும் என்னிடம் இல்லை. நான் செய்த ஒரு பிழை இருக்கிறது. அதைத் தருகிறேன்.

நாம் செய்வது சின்ன வேலைதான். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை எப்படி நிறுவுவது என்று சொல்லும் பக்கத்தில் உள்ள பிழைகளைத் திருத்தி அனுப்புகிறோம். மென்பொருள் எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். அதனாலேயே தங்கள் கை தானாகச் செய்துவிடும் காரியத்தை எழுத மறந்துவிடுவார்கள். "கோப்பைத் திறக்கவும்" என்று இருக்கும். அது எங்கே இறங்கிக் கிடக்கிறது என்று இருக்காது. விஷயம் தெரிந்தவன் கவனிக்காமலே தாண்டிப் போவான். என்னைப் போன்றவன் அந்த இடத்தில் நின்றுவிடுவான். நான் நிற்கிற இடம்தான் பிழை இருக்கிற இடம். எனது குறைந்த படிப்பை அல்லாஹ் ஓர் இடத்திலாவது உபயோகமாக்கித் தந்தான் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கண் தெரியாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் தமிழ் வழிகாட்டியைத்தான் நான் அதிகம் திருத்தினேன். திருத்தங்களைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறவர் எந்த நாட்டுக்காரர், ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயர் இருக்கும் இடத்தில் ஒரு வாத்துப் படம் மட்டும் இருக்கும். எனது ஆங்கிலம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அவர் சிரித்ததில்லை. "நீங்கள் எந்த இடத்தில் நின்றுபோனீர்கள்?" என்று மட்டும் கேட்பார். இந்தத் தொழிலுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

ஒருமுறை மென்பொருளின் புதிய பதிப்பில் பொத்தானின் நிறத்தை மாற்றிவிட்டார்கள். வழிகாட்டியில் "நீல நிறப் பொத்தானை அழுத்தவும்" என்றே இருந்தது. நான் அதைப் பச்சை என்று திருத்தி அனுப்பினேன். அன்றைக்கே ஏற்றுக்கொண்டு, "கூர்மையான கண்" என்று பாராட்டியும் எழுதியிருந்தார் வாத்துப் படக்காரர். அதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவளும் மாஷா அல்லாஹ் என்றாள். இரண்டு நாள் நான் தெருவில் நடந்த நடையே வேறு.

அந்த வாரம்தான் ஸுமையா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

ஸுமையா பின் தெருப் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழா. வீட்டிலேயே பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில், தொலைபேசியில் வரும் முறைப்பாடுகளைக் கேட்டுக் கணினியில் பதிகிற வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்தில் அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அலுவலகத்துப் பெரியவர் ஒரு நிபந்தனை வைத்தார். எங்கள் கணினிகளில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் இல்லை. நிறுவித் தரவும் ஆள் இல்லை. திங்கட்கிழமை காலை வாருங்கள், அரை மணித்தியாலம் தருகிறோம், நீங்களே நிறுவி ஒரு முறைப்பாட்டைப் பதிந்து காட்டுங்கள். உள்ளே வெளியாள் வரக் கூடாது, தொலைபேசி கொண்டுவரக் கூடாது. இதுதான் நிபந்தனை.

ஸுமையாவின் காக்கா, அதாவது மூத்த சகோதரன், இது ஏலாத காரியம் என்று விட்டுவிட்டான். ஆறு மாதத்துக்குப் பிறகு வேறு எங்காவது பார்ப்போம் என்றானாம். "வேற எடத்திலயும் இதத்தானே காக்கா கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அந்த வழிகாட்டிய எனக்கு வாசிச்சுத் தாங்க. பாடமாக்கிருவன்."

நான் உற்சாகமாக வாசிக்கத் தொடங்கினேன். நாலாம் படிக்கு வந்தேன். "பச்சை நிறப் பொத்தானை அழுத்தவும்" என்று வாசித்தேன்.

"மாமா, பச்சையெண்டா எந்தப் பக்கம்?"

என் மனைவி தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கமுடியாமல் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டாள்.

"கூர்மையான கண்ணெண்டு எழுதினாரே, அவருக்கிட்டக் கேளுங்க எந்தப் பக்கமெண்டு" என்றாள்.

ஸுமையாவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரத் தாமதமாயிற்று. கண் தெரியாதவர்களுக்கான மென்பொருள். அதை நிறுவும் வழிகாட்டியில் நிறத்தைத் திருத்திவிட்டு இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன். பக்கத்தில் கண் தெரிந்த ஒருவர் இருந்து நிறுவிக் கொடுப்பார் என்றே எல்லாரும் நினைத்திருக்கிறோம். எழுதியவர் அப்படி நினைத்தார், வாத்துப் படக்காரர் அப்படி நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். தனியாக ஒருத்தி அந்தக் கதிரையில் உட்காருவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மஃரிப் தொழுகைக்கு முன்பே ஒன்பது படிகளையும் திருப்பி எழுதினேன். நிறம் இல்லை, பக்கம் இல்லை, சுட்டி இல்லை, எல்லாம் விசைகள்தான். நாலாம் படி, "டேப் விசையை மூன்று தரம் தட்டி, என்டர் விசையை அழுத்தவும்" என்று ஆயிற்று. ஐந்தாம் படி, "குரல் கேட்கும்வரை சிறிது நேரம் காத்திருக்கவும்." நிறுவி முடிந்ததும் மென்பொருள் தமிழில் பேசத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஸுமையாவுக்கு ஒருவர் உதவியும் தேவையில்லை. வீட்டில் கண் தெரிந்தவர் நிறுவிக் கொடுத்த மென்பொருளில் அவள் என்னைவிட வேகமாகத் தட்டுவாள். அந்தக் குரல் வரும்வரையுள்ள ஊமை நேரத்தைத்தான் அவள் தனியாகக் கடக்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அவள் வந்து, பாயில் உட்கார்ந்து, "மாமி, நீங்க தாளப் புடிங்க. நான் ஓதிக்காட்டுறன்" என்றாள்.

குர்ஆன் மனனம் செய்விக்கும் ஹிப்ளு மத்ரஸாவில் பிள்ளைகள் மனனம் செய்த பாடத்தை உஸ்தாத் முன்னால் ஓதிக்காட்டுவார்கள். கேட்கிறவர் இடையில் பேச மாட்டார். பிழை வந்தால் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். பிள்ளை அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்த் தானே திருத்திக்கொண்டு வரும். ஸுமையா படித்தது அப்படி. இதையும் அப்படித்தான் படித்தாள். அல்லாஹ்வின் வசனத்தையும் நமது வழிகாட்டியையும் நான் ஒரு தட்டில் வைக்கவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். அதில் ஒரு புள்ளி பிழையில்லை, நம்முடையதில் வரிக்கு வரி பிழை. உட்கார்ந்து கேட்கிற அந்த முறையை மட்டும்தான் இரவல் வாங்கினோம்.

ஆனால் பிள்ளைகளே, அதைப் போல ஒரு சோதனையை நான் கண்டதில்லை. கண்ணால் வாசிக்கும்போது வழுக்கிக்கொண்டு போகிற பிழை, ஒருவர் ஓதக் கேட்கும்போது கல்லாகத் தட்டுப்படுகிறது. ஐந்தாம் படியில் ஸுமையா தானாகவே நின்றாள்.

"சிறிது நேரமெண்டா எவ்வளவு மாமா?"

"கொஞ்ச நேரம் புள்ள."

"கொஞ்ச நேரமெண்டா? மாமி சோறு வடிக்கிற கொஞ்ச நேரமா, நீங்க கடைக்குப் போய்ட்டு வாற கொஞ்ச நேரமா?"

"இவரு போய்ட்டு வாறதெண்டா ஒரு நோன்பு புடிச்சித் தொறக்கலாம்" என்றாள் என் மனைவி.

என்னுடைய மடிக்கணினியில் செய்து பார்த்தோம். ஸுமையா என்டரை அழுத்திவிட்டு குர்ஆனின் சின்ன அத்தியாயமான குல்ஹுவல்லாஹு ஸூராவை மெதுவாகத் திரும்பத் திரும்ப ஓதினாள். மூன்றாம் தரம் முடியவும் குரல் வந்தது. அவளுக்கு அளவு கிடைத்துவிட்டது. உலகம் முழுக்க வாசிக்கிற பக்கம் என்பதால் நான் அதை "ஏறத்தாழ முப்பது விநாடி" என்று எழுதினேன். வெள்ளிக்கிழமையும் ஓதிக்காட்டினாள். ஒரு தட்டும் விழவில்லை. எனக்கு நெஞ்சு மறுபடி நிமிரத் தொடங்கியது.

"சரி புள்ள, இனி திங்கட்கிழம போறதுதான்" என்றேன்.

"இல்ல மாமா. ஒரே உஸ்தாதுக்கிட்டயே ஓதிக்காட்டினா அவருக்கு நம்மட ஓதல் பழகிப்போயிரும். வேற ஒருவருக்கிட்ட ஓதிக்காட்டினாத்தான் பாடம் நிண்டிச்சா இல்லையா எண்டு தெரியும். வேற மெசின் ஒண்டு வேணும்."

நியாயமாக இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை என் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஆட்டோவில் செங்கலடிக்குப் போனோம். சந்திக்குப் பக்கத்தில் தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்கிற கடை வைத்திருக்கும் குணம் எனது பழைய கூட்டாளி. விஷயத்தைச் சொன்னதும் ஒரு கணினியை ஒதுக்கிக் கொடுத்தான். ஸுமையா எங்கள் இரண்டு ஆண்களையும் கடை வாசலில் நிற்கச் சொன்னாள்.

"ஆரும் வாய் தொறக்கப்படாது. திங்கக்கிழம மாதிரியே இரிக்கணும்."

மென்பொருளை ஏற்றி வைத்திருந்த பென் டிரைவைச் செருகினாள். முதலாம் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. டேப் மூன்று தரம். என்டர். கையை மடியில் வைத்துக்கொண்டு ஓதத் தொடங்கினாள். உதடு அசைவது வாசலில் இருந்தே தெரிந்தது. மூன்று தரம் முடிந்தது. குரல் வரவில்லை. ஆறு தரம். பத்துத் தரம். பதுளை வீதியில் பஸ்கள் போகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் அவள் தயங்கித் தயங்கி என்டரை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

"நானா, அது பெர்மிஷன் கேட்டெல்லோ நிண்டது. அவ 'வேணாம்' எண்டதில அமத்திப்போட்டா" என்று என் காதில் சொன்னான் குணம். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

எனக்கு உச்சந்தலையில் அடித்தது போல இருந்தது. புதிதாக எதையாவது நிறுவும்போது, "இதை அனுமதிக்கவா?" என்று கணினி ஒரு சாளரத்தைத் திறந்து கேட்கும். பேசாமல் கேட்கும். நாம் ஒன்றும் செய்யாவிட்டால் "வேண்டாம்" என்ற பதிலிலேயே நிற்கும். கடைக்காரனாகிய எனக்கு அது பெரிய தொந்தரவு என்று என் மடிக்கணினியில் அதை என்றைக்கோ நிறுத்தி வைத்திருந்தேன். அதனால் வழிகாட்டியில் அது வரவேயில்லை. என் கை செய்து மறந்த காரியம். கெட்டிக்காரர்களைப் பற்றி மேலே ஒரு குறை சொன்னேனே, அதே குறை எனக்கும்.

நெருக்கடியில் மனிதன் முதலில் சொல்வது எது என்று கவனித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது இதுதான்.

"இது பழைய மெசின் புள்ள. அதான்."

ஸுமையா குரல் வந்த பக்கம் திரும்பினாள். "அங்க இரிக்கிறது புது மெசினெண்டு ஆரு மாமா சொன்ன?"

குணமும் விடவில்லை. "பழசெண்டு சொல்லாதீங்க நானா. நீங்க எனக்கு வித்ததுதான் இது."

இதற்கு மேல் ஒளிந்துகொள்ள இடமில்லை. என் பிழை என்று சொன்னேன். எங்கே நடந்தது, ஏன் நடந்தது என்று முழுவதையும் அவளுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் கோபித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இது இங்கே தெரியாமல் போயிருந்தால், திங்கட்கிழமை அந்த அறையில், வராத ஒரு குரலுக்காக அரை மணித்தியாலமும் ஓதிக்கொண்டு இருந்திருப்பாள். காக்கா சொன்னது சரியாகப் போயிருக்கும். அவள் அதை யோசித்தாளோ தெரியாது. முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப அந்தச் சாளரம் வந்தா என்ன செய்யிற?"

"ஆல்ட் விசையப் புடிச்சிக்கொண்டு இங்கிலிஷ் வை எழுத்த அமத்தினா 'ஓம்' எண்டு அர்த்தம்."

"வந்திரிக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு நான் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. அந்த ஒரு புத்தியையாவது அல்லாஹ் தந்தான். சாளரம் வந்தால் ஒரு சின்னச் சத்தம் வரும் என்று சொல்லலாம். ஆனால் அந்த அலுவலகக் கணினியில் சத்தம் நிறுத்தியிருந்தால்? வராவிட்டால் இதைச் செய், வந்தால் அதைச் செய் என்று எழுதலாம். ஆனால் வந்ததா என்று தெரியாதவளுக்கு அந்த வரியால் என்ன பயன்? வந்தாலும் வராவிட்டாலும் செய்யக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். குணத்தின் கணினியிலும் என் மடிக்கணினியிலும் மாறி மாறிச் செய்து பார்த்தோம். சாளரம் வராத இடத்தில் அந்த இரண்டு விசையையும் அழுத்தினாலும் ஒரு கெடுதியும் இல்லை. அப்படியென்றால் கேள்வியே தேவையில்லை. "பத்து வரை எண்ணி, ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வை விசையை அழுத்தவும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். இப்போது படிகள் பத்தாயின.

ஸுமையா மறுபடி கதிரையில் உட்கார்ந்தாள். நாங்கள் வாசலுக்குப் போனோம். இந்த முறை ஸூரா மூன்றாம் தரம் முடிவதற்குள் கணினி பேசியது. குணம் கடையில் போட்டோக்கொப்பி எடுக்க வந்து நின்ற ஆட்களும் சேர்ந்து கைதட்டினார்கள். அவன் எல்லாருக்கும் சோடா உடைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் வாத்துப் படக்காரருக்குத் திருத்தங்களை அனுப்பினேன். நான் எங்கே நின்றேன், ஸுமையா எங்கே நின்றாள், பச்சை நிறத்தில் நான் எப்படி ஏமாந்தேன் எல்லாவற்றையும் எழுதினேன். ஞாயிறு காலை பதில் வந்திருந்தது. ஏற்றுக்கொண்டாராம். மற்ற மொழி வழிகாட்டிகளில் இருந்தும் நிறங்களை எடுக்கச் சொல்லிவிட்டாராம். "திங்கட்கிழமை என்ன நடந்தது என்று எனக்குக் கட்டாயம் சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

திங்கட்கிழமை ஸுமையா உள்ளே போனாள். நானும் மனைவியும் அலுவலக மதிலுக்கு வெளியே வாகை மர நிழலில் நின்றோம். எதிரே வாவி வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் தஸ்பீஹ் மணியை உருட்டினேன். மனைவி படிகளை வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள். தாள் பிடித்துப் பிடித்து அவளுக்கும் பாடமாகியிருந்தது.

"இப்ப நாலாம் படில நிப்பா" என்றாள்.

"நீ என்னத்தக் கண்ட?"

"சும்மா இரிங்க. எண்ணிக்கொண்டிரிக்கன்."

கொஞ்ச நேரத்தில் அலுவலக யன்னலுக்குள்ளிருந்து ஒரு பெருங்குரல் வாவிக்கரை வரை கேட்டது.

"வணக்கம்! திரை வாசிப்பான் ஆயத்தம்! குப்பைத் தொட்டி!"

கணினியில் ஒலி முழு அளவில் இருந்திருக்கிறது. திரையின் மூலையில் இருந்த குப்பைத் தொட்டிப் படத்தின் பெயரை அது ஊருக்கே வாசித்துவிட்டது. உள்ளே சிரிப்புச் சத்தம் எழுந்தது. காவலாளி எழுந்து எட்டிப் பார்த்தார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்ததாக மனைவி இன்றும் சொல்வாள்.

ஸுமையா வெளியே வரும்போது அலுவலகத்துப் பெரியவரே வாசல் வரை வந்தார். அடுத்த மாதம் முதலாம் திகதி வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்.

"அந்தச் சாளரம் வந்திச்சா புள்ள?" என்று கேட்டேன்.

"வந்திச்சோ வரல்லையோ எனக்கென்ன தெரியும் மாமா? பத்து எண்ணினன், அமத்தினன், பேசிச்சி." பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "முதலாம் படியிலயே ஒரு வரி சேக்கணும். இயர்போன மாட்டச் சொல்லி. வெக்கமாப் போச்சி" என்றாள்.

அந்தத் திருத்தத்தை எழுதி அனுப்ப நான் போகவில்லை. அவளையே எழுதச் சொன்னேன். அவள் பெயரில் போன முதல் திருத்தம் அது.

தம்பி தங்கைமாரே, இதிலிருந்து என்ன எடுக்க வேண்டும் என்று பட்டியல் போட எனக்குத் தெரியாது. உங்கள் திருத்தத்தை ஒருவரை ஓதிக்காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிறகு வேறொரு கணினியில், அந்த வேலை உண்மையாகவே தேவைப்படுகிற ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் வாசலில் வாய் மூடி நில்லுங்கள். கணினி பழசு என்று சொல்ல வாய் வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் தெருவிளக்கு எரியவில்லை. முறைப்பாடு சொல்ல அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வணக்கம், உங்கட முறைப்பாட்டச் சொல்லுங்க" என்றது தெரிந்த குரல். நான் ஸலாம் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

"மாமாவா? நல்ல நேரத்தில எடுத்தீங்க. புதுப் பதிப்பு வந்திரிக்கி. நாலாம் படி பிழை. டேப் மூண்டு இல்ல, இப்ப நாலு."

"அது நான் எழுதின படியெல்லோ புள்ள!"

"ஓம். மனசு நோகுமெண்டு ஒரு நாள் பொறுத்துப் பாத்தன். பொறகு திருத்தி அனுப்பிட்டன். நேத்து ஏத்துக்கிட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். பின்னால் அடுத்த அழைப்பு வருகிற மணி கேட்டது. ஸலாம் சொல்லி வைத்தாள். நானும் வைத்தேன்.

"லைட்டுக்குச் சொன்னீங்களா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மனைவி.

"மறந்திட்டன்" என்றேன். "ஆனா நாலாம் படி சரியாயிட்டு."